நடிகைக்கு 50 லட்சம் பவுண்ட், கால் போன வீரருக்கு ஒன்றரை லட்சம்: இது என்ன கணக்கு?

தேம்ஸ்கரை (கேள்வி)

பிரிட்டிஷ் நடிகை லெஸ்லி ஆஷ் வழக்குச் செய்தி மறுபடி சுற்றுகிறது. 2004 ஏப்ரலில் விலா எலும்பு முறிந்து லண்டன் செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சேர்ந்தார். வலிக்காக முதுகில் எபிடியூரல் குழாய் போட்டார்கள். எம்எஸ்எஸ்ஏ என்ற கிருமி தொற்றி, சீழ் கட்டி, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. 2008 ஜனவரியில் 50 லட்சம் பவுண்டுக்குச் சமரசம். அன்றைய மதிப்பில் நம் ஊர்க் காசுக்கு ஏறக்குறைய 39 கோடி.

அன்றும் இன்றும் இதற்கு வரும் எதிர்வினை மூன்றே மூன்று. ஒன்று, நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவனுக்கு ஒன்றரை லட்சம், நடிகைக்கு ஐம்பதா? இரண்டு, இது நர்சுகளின் சம்பளத்தில் கைவைத்த காசு. மூன்று, எங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரிக் கிருமியில் செத்தார், எங்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. இந்தத் தொகையை எப்படிப் போடுகிறார்கள், எந்தப் பையிலிருந்து போகிறது, ஆஸ்பத்திரியில் தொற்று வந்தவர் எல்லோரும் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணேட்டு

தொகை விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆஷுக்குக் கொடுத்த தொகையில் எதற்கு எவ்வளவு என்ற விவரம் வெளியில் வரவில்லை. பெரும்பகுதி வருமான இழப்பு என்பதுதான் செய்தி. ஆனால் இங்கிலாந்தில் இந்தக் கணக்கைப் போடும் முறை ரகசியம் இல்லை.

முதல் பங்கு, வலிக்கும் வாழ்க்கைச் சுகம் போனதற்கும். இதில் நடிகையும் ஒன்றுதான், பஸ் ஓட்டுநரும் ஒன்றுதான். 2000இல் ஹைல் எதிர் ராங்கின் தீர்ப்பு, மிக மோசமான காயத்துக்கான உச்சத்தை 2 லட்சம் பவுண்டாக உயர்த்தியது. 2008க்குள் விலைவாசியோடு ஏறி அது இரண்டரை லட்சத்தை ஒட்டி நின்றது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவருக்கே அவ்வளவுதான். ஆக, 50 லட்சத்தில் "வலிக்கான காசு" ஒரு சிறு துண்டு.

மிச்சமெல்லாம் பணமாக எண்ணக்கூடிய இழப்பு: போன சம்பளம், இனி வராத சம்பளம், கவனிப்பு ஆள், வீட்டை மாற்றிக் கட்டுவது, பிசியோ. எதிர்கால இழப்பை ஆண்டுத் தொகை × பெருக்கெண் என்று போடுவார்கள். ஆண்டுத் தொகை வரி போக மிஞ்சுவது மட்டும். பத்திரிகைகள் இதைச் சொல்வதே இல்லை. பெருக்கெண், நீதிமன்றங்கள் இதற்கென்றே வைத்திருக்கும் ஆக்டன் அட்டவணையில் இருக்கிறது. 20 வருட இழப்பு என்றால் பெருக்கெண் 20 ஆகாது. மொத்தமாக இன்றே கையில் வாங்கி முதலீடு செய்வார், வட்டி வரும் என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு விகிதத்தைச் சட்ட அமைச்சர் அறிவிப்பார். 2001 முதல் 2.5%, 2017 மார்ச்சில் கழித்தல் 0.75% (மைனஸ், பூஜ்யத்துக்கும் கீழே), 2019 ஆகஸ்டில் கழித்தல் 0.25%, 2025 ஜனவரி முதல் 0.5%.

போட்டுப் பாருங்கள். வரி போக ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்ட் சம்பாதிப்பவர், 20 வருட இழப்பு. 2.5%இல் பெருக்கெண் 15.78, ஆக 15 லட்சத்து 78 ஆயிரம். கழித்தல் 0.75%இல் 21.58. இன்றைய 0.5%இல் 19.03. நோயாளி அவரே, காயமும் அதே; விகிதம் மாறினதால் மட்டும் ஐந்தாறு லட்சம் ஏறி இறங்குகிறது. (வேலை போகும் வாய்ப்பு, சாவு எல்லாவற்றுக்கும் இன்னொரு குறைப்பு உண்டு. இங்கே விட்டுவிட்டேன்.) அதே வார்டில் அதே தொற்று வந்த, ஆண்டுக்கு 20 ஆயிரம் கையில் வாங்குகிறவருக்கு 2.5%இல் 3 லட்சத்து 15 ஆயிரம் சொச்சம். ஊர் கொதிப்பது இந்த இடத்தில். ஆனால் தொற்றுக்கு விலை போட்டதில் இந்த வித்தியாசம் வரவில்லை, சம்பளத்தில் ஏற்கெனவே இருந்த வித்தியாசம்தான் தீர்ப்புக்குள் இறங்கி வந்திருக்கிறது.

வீரர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். 2006இல் ஆப்கானிஸ்தானில் இரு கால்களையும் இழந்து மூளையிலும் அடிபட்ட அந்த வீரருக்கு 2007இல் சொன்ன தொகை 1,52,150 பவுண்ட். அது வழக்கில் வந்த தொகை அல்ல, 2005இல் தொடங்கிய படைவீரர் இழப்பீட்டுத் திட்டத்தின் விலைப்பட்டியல். காயத்துக்கு ஒரு வரிசை எண், வரிசைக்கு ஒரு தொகை. யார் மீதும் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. அதில் ஒரு அநியாய விதி இருந்தது: ஒரே சம்பவத்தில் எத்தனை காயம் இருந்தாலும் மூன்றைத்தான் எண்ணுவார்கள். பெரியதற்கு முழுத் தொகை, இரண்டாவதற்கு 30%, மூன்றாவதற்கு 15%. முப்பதுக்கு மேல் காயம் இருந்தவருக்கு மீதியெல்லாம் பூஜ்யம். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. 2008இல் உச்சத் தொகையை 2,85,000இலிருந்து 5,70,000 ஆக்கினார்கள். ஆனால் பட்டியல் தொகைக்கு மேலே, ஆயுள் முழுக்க மாதாமாதம் வரியில்லாத வருமானமும் அவருக்கு உண்டு. தலைப்புச் செய்தியில் ஒருபக்கம் முழுக் கணக்கையும் மறுபக்கம் பாதிக் கணக்கையும் வைத்து எடை போட்டார்கள்.

வார்டு_விளக்கு

"தொற்று வந்த எல்லோரும் கேட்கலாமா" என்பதற்கு: கேட்கலாம், கிடைக்காது. தொற்று வந்தது என்பது தப்பு நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

முதலில் ஒரு திருத்தம். பத்திரிகைகள் "சூப்பர்பக்" என்று எழுதின. எம்எஸ்எஸ்ஏ அப்படி ஒன்றும் சூரக் கிருமி இல்லை. அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஃப்ளூகுளோக்சசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்குகிற வகை. நாலு பேரில் ஒருவர் மூக்கில் சும்மா குடியிருக்கும். மருந்து கேட்காத எம்ஆர்எஸ்ஏவுக்குத்தான் அன்றைக்குப் பயம்; 2006இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,652 இறப்புச் சான்றிதழ்களில் அதன் பெயர் இருந்தது. எம்எஸ்எஸ்ஏ ரத்தத் தொற்றை நோயாளி வாரியாக விவரத்தோடு பதிவது 2011 ஜனவரியில்தான் கட்டாயமானது. கிருமி எளியது என்றால் காயம் எளியது என்று அர்த்தமில்லை. எங்கே போய் உட்கார்கிறது என்பதுதான் கேள்வி.

எபிடியூரல் போடும்போது எங்கே தவறும் என்று பாருங்கள். தொப்பி, முகக்கவசம், கிருமிநீக்கிய கவுன், கையுறை. முகக்கவசம் எதற்கென்றால், போடுகிறவரின் வாய்க் கிருமி நேராக முதுகுக்குள் போகும். தோலில் 0.5% குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் பூசி, முழுதாகக் காயவிட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு ஊசி வைத்தால் கிருமியும் சாகாது, மருந்தும் ஊசியோடு உள்ளே போய் நரம்பைத் தாக்கும். 2% வேண்டாம் என்பதும் அதனால்தான். மேலே ஒட்டுவது கண்ணாடி போன்ற பிளாஸ்டர். பிரிக்காமலே சிவப்பு, சீழ், கசிவு தெரிய வேண்டும். வடிகட்டி இருக்கும் இணைப்பு எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியாமல் தொங்கினால், துடைத்து மாட்டக் கூடாது. குழாயை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஆயிரக்கணக்கில் ஒருவருக்குச் சீழ் கட்டலாம். அங்கே தப்பு இல்லை, வழக்கும் இல்லை. வழக்கு பிறப்பது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில். முதுகுவலி, காய்ச்சல், கால் பலவீனம் மூன்றும் சேர்ந்தால் எபிடியூரல் சீழ்க்கட்டி என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் மூன்றும் ஒன்றாக வராது. கால் அசையவில்லை என்று நோயாளி சொன்னால் "மரத்துப்போகிற மருந்துதானே ஓடுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று போய்விடுவார்கள். இதுதான் பொறி. விதி என்னவென்றால் மருந்தை நிறுத்து, கால் வலுவைப் பிரோமேஜ் அளவில் குறித்துக்கொண்டே இரு, நாலு மணி நேரத்தில் வலு திரும்பவில்லையென்றால் உடனே எம்ஆர்ஐ. தண்டு நசுங்கி ஒரு நாள், ஒன்றரை நாள் போய்விட்டால் சீழை எடுத்தாலும் கால் திரும்புவது அரிது. சார்ட்டில் இரவு 10 மணிக்குக் கால் அசைவில்லை என்று எழுதி, பக்கத்தில் "காலையில் பார்க்கலாம்" என்று இருந்தால், வக்கீலுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

ஆஷ் விஷயத்தில் எந்த மணிக்கு என்ன நடந்தது என்பது வெளியே வராத சமாசாரம். கவனிப்பில் குறை இருந்ததை மருத்துவமனை ஒப்புக்கொண்டது என்ற அளவோடு நிற்கிறேன்.

தேம்ஸ்கரை

நன்றி வார்டு அக்கா. (அக்காதானே?) அப்போது தப்பு என்று யார் எப்படி முடிவு செய்கிறார்கள்? இரண்டாவது கேள்வியும் நிற்கிறது, காசு யாருடையது?

எண்ணேட்டு

தப்பு என்பதற்கு அளவுகோல் 1957ஆம் வருடத்துப் போலம் வழக்கு. அதே துறையில் பொறுப்பான மருத்துவர்கள் ஒரு சாரார் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் தப்பில்லை. 1997இல் போலித்தோ வழக்கு அதற்கு ஒரு கடிவாளம் போட்டது: அந்தச் சாரார் சொல்வது தர்க்கத்துக்கு நிற்க வேண்டும்.

தப்பை நிரூபித்தாலும் பாதிக் கிணறுதான். அந்தத் தப்பினால்தான் இந்தக் காயம் என்று காட்ட வேண்டும். தொற்று வழக்குகள் இங்கேதான் படுத்துவிடும். கை கழுவவில்லை என்று தணிக்கைத் தாள் இருக்கும். ஆனால் அந்தக் கையிலிருந்துதான் இந்தக் கிருமி வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? நோயாளியின் மூக்கிலேயே இருந்திருக்கலாம். சிகிச்சை தாமதமான வழக்குகளில் இது எளிது: இந்த மணிக்கு மருந்து கொடுத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று ஒரே கேள்வி, ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஆமென்றால் போதும். அதனால்தான் வக்கீல்கள் "கிருமி ஏன் வந்தது" என்பதை விட்டு "வந்த பின் ஏன் விட்டீர்கள்" என்று போகிறார்கள்.

காசு: நர்ஸ் சம்பளப் பட்டியலிலிருந்து அந்த வாரம் எடுத்துக் கொடுப்பதில்லை. இங்கிலாந்தின் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகள் ஒரு பொது நிதிக்கு வருடாவருடம் சந்தா கட்டுகின்றன. 2008இல் அதை நடத்தியது என்எச்எஸ் லிட்டிகேஷன் அத்தாரிட்டி, 2017 முதல் பெயர் என்எச்எஸ் ரெசல்யூஷன். கார் இன்சூரன்ஸ் மாதிரிதான். வழக்கு கூடினால் சந்தா கூடும். கடைசியில் எல்லாம் வரிப்பணமே, அதை மறுக்கவில்லை. 2023-24இல் மருத்துவத் தவறுகளுக்காகப் போனது சுமார் 280 கோடி பவுண்ட், அதில் பிரசவ வழக்குகளின் எடைதான் மிகப் பெரியது.

சந்தேகச்சாமி

எண்ணேட்டு சொல்வது கணக்காகச் சரி. ஆனால் ஊர்க்காரர்களின் கோபத்தை "கணக்குத் தெரியாத கோபம்" என்று தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. கடையில் ஒருவர் பொருளை உடைத்தால் அதன் முழு விலையை அவர் கொடுக்கட்டும். இங்கே கொடுப்பது பொது நிதி. பொது நிதி பணக்காரருக்கு அவருடைய முழுச் சம்பளத்தையும் உறுதி செய்ய வேண்டுமா என்பது அரசியல் கேள்வி, எண்கணிதம் அல்ல.

வேறு விதமாகச் செய்கிற நாடுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2002 சட்டப்படி, வருமான இழப்பைச் சராசரி வாரச் சம்பளத்தின் மூன்று மடங்குக்கு மேல் எண்ணவே மாட்டார்கள். நியூசிலாந்தில் 1974 முதல் வழக்கே இல்லாத விபத்து நிதி. சிகிச்சையால் வந்த தொற்று அதன் வரையறைக்குள் வந்தால், யார் தப்பு என்று கேட்காமல் சம்பளத்தில் 80%, அதற்கும் ஓர் உச்ச வரம்பு. அங்கே 50 லட்சம் தலைப்புச் செய்தி வராது. இங்கே ஒன்றும் கிடைக்காமல் போகும் நூறு பேருக்கு அங்கே கொஞ்சமாவது கிடைக்கும்.

எண்ணேட்டு

ஒப்புக்கொள்கிறேன், உச்ச வரம்பு வைப்பதில் எனக்கும் எதிர்ப்பு இல்லை. ஆனால் வரம்பு வைத்தால் மிஞ்சுகிற காசு மூன்றாவது கோபக்காரருக்கு, அதாவது வீட்டுப் பெரியவரைப் பறிகொடுத்தவருக்கு, போகாது. அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது.

2007 அக்டோபரில் மெய்ட்ஸ்டன் அண்ட் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகள் பற்றி அரசின் கண்காணிப்பு ஆணையம் அறிக்கை வெளியிட்டது. சி டிஃப் எனும் குடல் தொற்றில் சுமார் 90 இறப்பு, உறுதியாகவோ பெரும்பாலுமோ அதனால்தான் என்று. ஆஷ் சமரசம் மூன்றே மாதம் கழித்து வந்தது. மக்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள், அதனால்தான் அந்தச் சூடு.

எழுபத்தெட்டு வயதுக்காரர் அப்படிச் செத்தால் கணக்கு என்ன? சம்பள இழப்பு இல்லை, எதிர்காலக் கவனிப்புச் செலவு இல்லை. செத்தவருக்குக் கவனிப்பு எதற்கு. படுத்திருந்த வாரங்களின் வலிக்குச் சில ஆயிரம் பவுண்ட், ஈமச்செலவு, அப்புறம் துக்கத்துக்கென்று சட்டம் நிர்ணயித்த ஒரே தொகை: அன்று 10,000 பவுண்ட், 2008 ஜனவரி முதல் 11,800, 2020 மே முதல் 15,120. அதுவும் கணவன் மனைவிக்கு, அல்லது இறந்தது திருமணமாகாத சிறு பிள்ளை என்றால் பெற்றோருக்கு. வளர்ந்த மகன் மகளுக்கு ஒன்றுமில்லை. ஒன்றாக வாழ்ந்த துணைக்கே 2020 அக்டோபரில்தான் இடம் கிடைத்தது, அதுவும் இரண்டு வருடம் சேர்ந்திருந்தால். எளிதாகச் சொன்னால், இந்தச் சட்டத்தில் கொல்வது மலிவு, முடமாக்குவது விலை அதிகம். "எங்கள் அம்மாவுக்கு என்ன" என்று கேட்ட மகளுக்கு நடிகை எதையும் பறிக்கவில்லை. அந்த மகளின் பெயர் பட்டியலிலேயே இல்லை.

மதுரைப்பேனா

நம் ஊரிலும் பெரிய தொகை வந்தால் இதே சத்தம்தான். 2015இல் உச்ச நீதிமன்றம், எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை போன குழந்தைக்குச் சுமார் 1 கோடி 80 லட்சம் கொடுத்தது. தொற்று வழக்கு அல்ல, ஆனால் கணக்கு இதே ஜாதி: இனி ஆயுள் முழுக்க ஆகும் மருத்துவச் செலவும் விலைவாசி ஏற்றமும்தான் 1 கோடி 38 லட்சம். "கோடி கோடியாக" என்றவர்கள் அதை ஒரு மனுஷி வாழப்போகும் வருடங்களால் வகுத்துப் பார்க்கவில்லை.

தேம்ஸ்கரை

கடைசியாக ஒன்று. இப்போது வார்டில் படுத்திருக்கும் ஒருவருக்குத் தொற்று வந்திருக்கிறது, குடும்பத்துக்குச் சந்தேகம். என்னென்ன தாள் கேட்க வேண்டும்?

வார்டு_விளக்கு

(அக்காதான்.) இங்கிலாந்துக்குச் சொல்கிறேன். "முழு மருத்துவப் பதிவும் வேண்டும்" என்று எழுதினால் சுருக்கமும் கடிதங்களும் வந்து சேரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு எழுதும் நியூஸ் சார்ட், மருந்துச் சார்ட், கையில் மருந்து ஏற்றச் செருகும் கேன்யூலா குழாயின் இடம் சிவந்து வீங்குகிறதா என்று பார்த்து எழுதும் விஐபி மதிப்பெண் தாள், குழாய் போட்ட நேரமும் எடுத்த நேரமும் உள்ள பதிவு, நுண்ணுயிர் ஆய்வகத்தின் அறிக்கைகள், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் குறிப்பு. சட்டப்படி ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், 2018 மே முதல் கட்டணம் இல்லை.

ஆய்வக அறிக்கையில் இரண்டு நேரம் இருக்கும்: மாதிரி எடுத்தது, முடிவைத் தொலைபேசியில் சொன்னது. இரண்டாவதையும் மருந்துச் சார்ட்டில் முதல் ஊசி போட்ட நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். விஐபி தாளில் 2 என்றால் கேன்யூலாவை எடுத்து வேறிடத்தில் போட வேண்டும். 2, 2, 3 என்று ஒரு நாள் முழுக்க ஓடி, குழாய் அதே இடத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் காலியாக இருந்தால் அதையும். திட்டமிட்ட அறுவைக்கு முன் மூக்கில் எடுத்த எம்ஆர்எஸ்ஏ பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருந்தால், ஐந்து நாள் முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் கொடுத்தார்களா என்று பாருங்கள். முடிவு கணினியில் கிடந்து யாரும் திறக்காமலே அறுவைக்கு அனுப்பியது உண்டு.

2014 நவம்பர் முதல், கடுமையான பாதிப்பு நடந்தால் மருத்துவமனையே உட்கார வைத்துச் சொல்லி, எழுத்திலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டால் அது தப்பை ஒப்புக்கொண்டதாகாது. அதை நம்பி வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணேட்டு

கெடு: தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். குழந்தை என்றால் 18 வயது முடிந்து மூன்று. முறையான கடிதம் அனுப்பினால் பதிலுக்கு அவர்களுக்கு நாலு மாதம் உண்டு, ஆகவே மூன்றாவது வருடக் கடைசியில் ஓடாதீர்கள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு, பிறப்பில் மூளை பாதித்த குழந்தைகள் தவிர மற்றவர்களுக்குச் சட்ட உதவி நிதி இல்லை. வென்றால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் வக்கீல் வருவார். அவருடைய வெற்றிக் கட்டணம் உங்கள் வலித் தொகையிலிருந்தும் கடந்தகால இழப்பிலிருந்தும் மட்டும் எடுக்கலாம், 25%க்கு மேல் கூடாது. எதிர்காலக் கவனிப்புப் பணத்தில் அவர் கைவைக்க முடியாது. கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.